ஒரே அட்டையை நாற்பது கோப்பாக்குவது எப்படி?

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனிக்கு வேர்ட்பிரஸில் வெப்சைட் கட்டும் வேலை கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள். ஒழுங்காகக் கெடுத்தால் ஆயுளுக்கும் சோறு போடும்.

முதலில் பக்கத்தில் ஒரு தோலைக் காட்டும் அட்டையை எழுதுங்கள்: படம், பெயர், தடிமன். மூன்றையும் அட்டைக்குள்ளேயே அடித்துவிட வேண்டும். மதிப்பை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் அட்டை என்றால் ஒன்றே எல்லாத் தோலுக்கும் போதும், பிழைப்பு என்னாவது? அதே கம்பெனியில் ‘லாஸ்ட்’ என்னும் ஒரே ஷூ அச்சில் கறுப்பு மேல்தோலும் பழுப்பு மேல்தோலும் மாறிமாறி ஏறுவதைப் பார்க்க நேரிடும். பார்க்காத மாதிரி வந்துவிடுங்கள். ‘வெட் புளூ’ தோலுக்கு ஒரு கோப்பு, ‘கிரஸ்ட்’ தோலுக்கு ஒன்று, லைனிங் தோலுக்கு ஒன்று என்று நகலெடுத்துக்கொண்டே போங்கள்.

ஒவ்வொன்றின் அடியிலும் முகவரியைக் கையால் அடிப்பது முக்கியம். ஆம்பூர் இருந்த வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது. அம்பேத்கர் பெயரோடு இருந்த மிச்சம் பிறகு வேலூர் ஆனது. 2019-இல் வேலூரும் மூன்றாகி, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. நாற்பது கோப்பு, நாற்பது திருத்தம், தனி பில். அரசாங்கமே இவ்வளவு ஒத்தாசை செய்யும் ஊர் வேறெங்கே கிடைக்கும்?

மதிப்பை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் வேர்ட்பிரஸின் ‘செட் குவெரி வார்’ இருக்கிறது. அதில் போட்ட மதிப்பு பக்கம் முடியும்வரை உள்ளேயே கிடக்கும். ஆட்டுத் தோலுக்குத் தடிமன் 0.8 என்று போட்டுவிட்டு, அடுத்த அட்டைக்குப் போட மறந்துவிடுங்கள். எருமைத் தோலும் 0.8 ஆகிவிடும். தோலைச் சீவும் ஸ்பிளிட்டிங் மெஷின் இல்லாமலேயே!

2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பை மட்டும் முதலாளி காதுக்குப் போகவிடாதீர்கள். அட்டைக் கோப்பை அழைக்கும் ‘கெட் டெம்ப்ளேட் பார்ட்’டுக்கு மூன்றாவதாக ‘ஆர்க்ஸ்’ என்ற அர்ரே ஒன்றை அதில் சேர்த்துவிட்டார்கள். தடிமன், அலகு, நிறம் என்று பெயரிட்டு அனுப்பலாம். ஓர் அட்டைக்குப் போனது அடுத்ததில் ஒட்டாது. உண்மையில் நல்ல ஏற்பாடு, அதுதான் சிக்கல்.

முதலாளிக்குத் தெரிந்துபோனாலும் வழியிருக்கிறது. எண்ணை அனுப்புங்கள், அலகை அனுப்பாதீர்கள். ஷூ அளவு 8 என்றால் பிரிட்டனா அமெரிக்காவா என்று வாங்குபவர் மெயில் போட்டுக் கேட்கட்டும். மதிப்பே வராவிட்டால் எதைக் காட்டுவது என்றும் எழுதி வைக்காதீர்கள்.

முதலாளி கூப்பிடுவார். “தம்பி, எருமைத் தோல் எப்படிப்பா 0.8 ஆச்சு?”

“பிரவுசர் பிரச்சினை சார். ஹிஸ்டரிய அழிச்சுட்டு, சிஸ்டத்த ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

அவர் கம்ப்யூட்டர் கொஞ்சம் பழசு. திருத்திவிட நேரமிருக்கிறது.