டமால் இருக்கப் பயமேன்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை வீடியோவுக்கும் இப்போது டிரெய்லர் வேண்டுமாம். முதலில் நாதஸ்வரம், சட்டென்று குத்துப்பாட்டு, முதலாளி நடந்து வந்தால் மாஸ் பிஜிஎம். மூன்றையும் ஒட்டும் பசை ஒரே ஒரு ‘டமால்’. 2010இல் ‘இன்செப்ஷன்’ டிரெய்லர் பிரபலமாக்கிய முழக்கத்தின் பேரப்பிள்ளை, இங்கே திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கிறது.

டமால் இல்லாமலே ஒட்ட, பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் பவர்’ என்று ஒரு கிராஸ்ஃபேட் உண்டு. ஒரு பாட்டு தேய, மற்றது ஏறும். நடுவில் சத்தம் பள்ளத்தில் விழாது. ‘கான்ஸ்டன்ட் கெய்ன்’ போட்டால் லேசாக விழும். தாளம் விழும் இடம் பார்த்து வெட்டினால் பாதி வேலை மிச்சம். எடிட்டர் தம்பியிடம் சொன்னேன்.

“நல்லாத்தான் இருக்கும்ணே. ஆனா ஓனர் பவர் பிரஸ் பக்கத்துல நின்னுல்ல பாக்குறாரு!”