அலட்சியம் வாழ்க!

ஒரு தொடரைக் காப்பாற்ற வேண்டுமா? உரியவர்கள் அதை மறந்துவிட்டால் போதும்.

1954-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ‘ஷெர்லாக் ஹோம்ஸ்’ இதற்குச் சாட்சி. ரொனால்ட் ஹோவர்டு ஹோம்ஸாக நடித்துத் துப்பறிந்த 39 கதைகளின் காப்புரிமையை யாரும் கட்டிக் காக்கவில்லை. எனவே இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணையக் காப்பகத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன; பைசா செலவில்லை. பூட்டிப் பாதுகாக்கப்படும் புதுத் தொடர்களோ, சந்தா கட்டியவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காணாமல் போகின்றன.

ஹோவர்டின் ஹோம்ஸ் அரை மணிக்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுகிறார். என்ன அவசரமோ! இன்றைய துப்பறிவாளர் அதற்குள் ஜன்னலோர மழையைக்கூடப் பார்த்து முடித்திருக்க மாட்டார்.

புள்ளி புள்ளியான கறுப்பு வெள்ளையில் ரசிகர்கள் அசல் லண்டனைக் கண்டு புல்லரிக்கிறார்கள். பனிமூட்டம், குதிரை வண்டி, பேக்கர் தெரு! அத்தனை தடயம் இருந்தும் ஒருவரும் துப்புத் துலக்கவில்லை.

படப்பிடிப்பு பெரும்பாலும் நடந்தது பிரான்ஸில்.