மாப்ள வீட்டு மோட்டார் திரை

வா மாப்ள, உக்காரு. உன் புது வீட்டைப் பார்த்துட்டு வந்ததுலருந்து எனக்குத் தூக்கம் இல்ல. சோபாவுல சாஞ்சு கெடந்தேன். யாருமே தொடாம ஜன்னல் திரை விர்ருனு எறங்குது. பேய்தான்னு நெனச்சுத் துண்டை இறுக்கிக் கட்டிட்டேன். நீ சிரிக்கிற. "மாமா, அது மோட்டார். வெயிலுக்கு மூடும், கரண்டு மிச்சம்"னு பாடம் வேற.

சரி, மிச்சத்தைப் பார்ப்போம். சாயங்காலம் மணி அஞ்சரை ஆச்சு. சூரியன் மலைக்குப் பின்னால எறங்கி, நம்ம போடி ஊரு முழுக்க நெழலு கட்டிருச்சு. உன் மேக்கு ஜன்னல் மட்டும் மூடிக் கெடக்கு. உள்ள நாலு டியூப்லைட்டு, ஏசி. ஏண்டான்னு கேட்டா, அஸ்தமன நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் தெறக்குமாம். அந்தக் கணக்குக்குப் போடிமெட்டு மலை இருக்குறதை யாரு சொன்னது? சமவெளி அஸ்தமனம் வேற, மலையடிவார அஸ்தமனம் வேற மாப்ள.

நமக்கு வில்லங்கம் காலை வெயிலுதான். கிழக்க மறைக்க ஒரு குன்று கெடையாது. அங்கதான் நீ எலிவேஷனுக்குன்னு ஆளுயரக் கண்ணாடி வச்சுருக்க. அதுக்கும் திரை உண்டு, ஆனா உள்பக்கம்! கண்ணாடியைத் தாண்டின வெயிலு வீட்டுக்குள்ள வந்தாச்சு. திரை கண் கூசாமப் பாத்துக்கும். சூட்டைக் குடிச்சு ரூமுக்குள்ளயே கக்கும். நெழலு கண்ணாடிக்கு வெளிய இருக்கணும். திருடனை நடுவீட்டுல விட்டுட்டு உள்கதவைச் சாத்துறவன் உண்டா?

நீ ஏலக்காக் காசுல வீடு கட்டுனவன், 2019-ல கிலோ 7,000 ரூவா தொட்டதைப் பாத்தவன். அந்தச் செடி சொல்லித் தராததையா மோட்டார் சொல்லப் போகுது? வெயிலு பட்டா எலை கருகும். நெழலு கூடுனா காய்ப்பு கொறையும். அதுக்குத்தான் மழைக்கு முன்னாடி நெழல் மரத்துக்குக் கவாத்து; மழைமாசத்துல வெளிச்சம் எறங்கும், கோடைக்குள்ள கெளை தழைச்சுக்கும். எங்கப்பா மரத்தைப் பாக்க மாட்டாரு. தரையில விழுற வெயில் பொட்டைப் பாத்துட்டு, "அந்தக் கெளையை எடு, இது இருக்கட்டும்"பாரு. சென்சாரு அவருதான். சம்பளம் ஒரு வெத்தலை.

மிஷினைப் பழிக்கலப்பா. பாரிஸ்ல அரபு உலக நிறுவனம்னு ஒரு கட்டடம், 1987-ல தெறந்தது. தெக்குச் சுவரு முழுக்கக் கேமராக் கண்ணு மாதிரி சுருங்கி விரியுற 240 பலகை. பேரன் போன்ல காட்டுனான், வாயைப் பொளந்துட்டேன். பாதி நின்னுபோயி, பெறகு சரிபண்ணுனாங்களாம். நம்ம பாண்டிச்சேரி ஆசிரமத்துல கோல்கொண்டான்னு ஒரு விடுதி இருக்கு. அந்தோனின் ரேமண்டு வரைஞ்சது, 1930-கள்ல ஆரம்பிச்ச வேலை. வடக்கயும் தெக்கயும் சுவருக்குப் பதிலா திருப்புற பலகை வரிசை. வெயிலை மறைக்கும், காத்தை விடும். மோட்டார் கெடையாது, கைதான்.

தெக்கு வடக்குன்னதும் இன்னொண்ணு. நம்ம ஊருக்குச் சித்திரை பொறந்து ரெண்டு மூணு நாள்ல சூரியன் நேர் உச்சி. அதுலருந்து ஆவணி வரைக்கும் மத்தியான வெயிலு வடக்க சாஞ்சு அடிக்கும். உன் எஞ்சினியரு தெக்க மட்டும் சன்ஷேடு போட்டுட்டுப் போயிட்டாரு. கேட்டா டிசைனுங்குறாரு.

வெளிய திரை மாட்டுனா ஆடிக் காத்து கிழிச்சுப் பந்தாடும், தெரியும். மோட்டார்தான் வேணும்னா, காத்தை அளந்து தானாச் சுருட்டிக்கிற சாதனம் உள்ளதா வாங்கு. இல்லேன்னா கெட்டிப் பலகையாப் போடு. அதுவரைக்கும் கிழக்கு ஜன்னலுக்கு வெளிய மூங்கில் தட்டி கட்டிக் கயித்தைத் தொங்கவிடு. சித்திரைக்குள்ள முடிச்சுரு. கயிறு இழுக்க ஆளில்லேன்னு சொல்லாத. காலையில காப்பி குடுத்தா நானே வந்து இழுக்குறேன்.