உள்ளங்கை வேணாம் மருமவனே, திருப்பிக் காட்டு

வா மருமவனே, குந்து. கரியமாணிக்கம் பூரா உன் பேச்சுதான். திருக்காஞ்சி மாசிமகத்துல கைரேகைக்காரன் உனக்கு ராஜயோகம்னு சொல்லிட்டானாமே. விரல் நுனியெல்லாம் உருண்டு தெரண்டு கெடக்குது, இது லட்சுமி கடாட்சம்னு வேற சொன்னானாமே. காசு வாங்கினவன் வேற இன்னா சொல்லுவான்? எங்க, கையை நீட்டு. அந்தப் பக்கம் இல்லடா, திருப்பு. நகத்தைக் காட்டு.

நான் டாக்டர் இல்ல. கோரிமேட்டு ஜிப்மர்ல டாக்டருங்க பின்னாடி டிரே தூக்கிக்கினு நடந்தவன். நெஞ்சு நோவுன்னு வர்றவனைக்கூட அங்க மொதல்ல கையை நீட்டச் சொல்லுவாங்க. படிக்கிற பசங்க மனப்பாடமா ஒப்பிப்பானுங்க: வெளுப்பு, மஞ்சள், நீலம், கிளப்பிங், நெறிகட்டு, வீக்கம். அதுல நாலாவதா வருதே கிளப்பிங், விரல் நுனி உருண்டு போறது, அதைத்தான் உன் கைரேகைக்காரன் லட்சுமின்னு கும்புட்டுட்டான்.

ரெண்டு ஆள்காட்டி விரலையும் மடக்கி, நகத்தோட நகத்தை ஒட்டி வை. நகத்தோட அடியில வைரக்கல்லு ரூபத்துல ஒரு சந்து தெரியணும். எனக்குப் பாரு, வெளிச்சம் வருது. உனக்கு அடைச்சுப்போச்சு. இதைச் சொன்னவரு தென்னாப்பிரிக்காவுல ஷாம்ராத்னு ஒரு இருதய டாக்டர். அவரு இருதயத்துக்குள்ளயே கிருமி பூந்து, தன் விரலு உருளுறதைத் தானே பாத்து 1976-ல எழுதி வச்சாரு. அவ்ளோ படிச்ச மனுஷன் தன் நகத்தைப் பாத்தாரு. நீ நாள் பூரா செல்போனைப் புடிச்சிக்கினு இருக்கியே, புடிச்ச விரலை ஒருநாளாவது பாத்தியா?

இப்போ பக்கவாட்டுல புடி. நகம் தோலை விட்டுக் கிளம்புற எடத்துல லேசாப் பள்ளம் இருக்கணும், 160 டிகிரி கணக்கு. உனக்கு 180-ஐத் தாண்டி மேடா நிக்குது. அமுக்கினா நகம் மெதக்குது. பேண்டு செட்டுக்காரன் கையில இருக்குமே முனை உருண்ட குச்சி, அச்சா அதே. நோவலியேன்னு கேப்ப. நோவாதுடா, அதனாலதான் எவனும் கண்டுக்கிறதில்ல. கிரேக்க தேசத்து ஹிப்போகிரட்டீஸ், நெஞ்சுக்குள்ள சீழ் கட்டினவனுக்கு நகம் வளையுதுன்னு சுமாரா 2,400 வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. சேதி உனக்கு மட்டும் இன்னும் வந்து சேரல.

‘பீடி இருமல்தான் மாமா’ன்னு வாயைத் தொறக்கப் போற. வேணாம். பீடி குடிச்சு மூச்சிரைக்கிறவன் தெருவுக்குப் பத்து பேரு இருக்கான். அந்த இரைப்பு ஒண்ணு மட்டும்னா விரலு உருளாது. உருண்டுதுன்னா உள்ள வேற எவனோ குடியேறி இருக்கானான்னு தேடணும். பீடிக்காரன்னா மொதல்ல நுரையீரல் புத்துநோயைத்தான் சந்தேகப்படுவாங்க. சீழ்கட்டியா இருக்கலாம், நுரையீரல் தழும்பேறிப் போனதா இருக்கலாம், டி.பி. வந்து போனவனுக்கு மூச்சுக்குழாய் விரிஞ்சுபோய் விடியக்காலையில கோழை கோழையாத் துப்புறதா இருக்கலாம். ஈரல் சுருங்கினாலும் வரும். நம்ம புதுச்சேரியில சாராயக்கடைக்கு லைசென்ஸ் இருக்குது, உன் ஈரலுக்கு எவன் குடுத்தான்? பொறவியிலேயே இருதயக் கோளாறோட நீலம் பூத்து வர்ற புள்ளைங்க விரலையும் நான் பாத்திருக்கேன். அதுங்க எவன் பீடியைக் குடிச்சுதுங்க, பாவம்.

ஏன் விரலுக்குப் போய் வருதுன்னா, ரத்தத் தட்டணுவைப் பெத்துப் போடுற பெரிய அணு நுரையீரலோட மெல்லிசுக் குழாயில ஒடைஞ்சு பொடியாவணுமாம். நுரையீரல் கெட்டா அது ஒடையாம விரல் நுனியில போய் மாட்டிக்கினு அங்க சதையை வளக்குதாம். பல டாக்டருங்க ஒத்துக்கிட்ட கணக்கு இது. ஆனா முழுசா முடிஞ்ச வழக்கில்ல.

சில குடும்பத்துல பரம்பரையாவே இப்படி இருக்கும், ஒரு கெடுதியும் பண்ணாது. அப்படியும் உனக்குத் தப்பிக்க வழியில்ல. உங்கப்பன், எங்க அக்கா புருஷன், அவரு விரலு எனக்குத் தெரியாதா? எங்கூட சீட்டாடி ஏமாத்தின ஒல்லி விரலுடா அது. நம்பலேன்னா உன் கல்யாண ஆல்பத்தை எடு. தாலி கட்டுற போட்டோவுல எல்லாரும் பொண்ணு மொகத்தைப் பாப்பானுங்க, நீ உன் விரலைப் பாரு.

நான் சொல்றது தீர்ப்பில்ல, சம்மன். நாளைக்குக் காலையில நம்மூரு சுகாதார நிலையத்துல காட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தா அன்னிக்கே பஸ் ஏறு, அமாவாசை போவட்டும்னு குந்தாதே. நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பாங்க, சளியைக் கேப்பாங்க, குடு. விரலுக்குப் போடத் தைலம் கேட்டு மானத்தை வாங்காதே, அதுக்குத் தைலம் கெடையாது. உள்ள இருக்குறதைச் சரி பண்ணினா சில பேருக்கு விரலும் பழையபடி எறங்கும். அப்புறம், ஒரு நாளைக்கு எத்தனை கட்டு பீடின்னு டாக்டர் கேப்பாரு. பொண்டாட்டிகிட்ட சொல்ற கணக்கை அவருகிட்டயும் சொல்லாதே. பொட்டிக்கடைக்காரன் கடன் நோட்டுல இருக்குற கணக்கைச் சொல்லு.