ஒடிந்த ஸ்டட்டியல்: இடையஞ்சாவடிப் பள்ளியை முன்வைத்து ஓர் ஆய்வு

இனி ஆய்வு செய்வதற்குப் பொருளே மிச்சமில்லை என்றொரு மனக்குறை ஆராய்ச்சி மாணவரிடையே நிலவுகிறது. சிலம்பில் பெண்மை, கம்பனில் காடு, புதுக்கவிதையில் புறா என எல்லாம் முடிந்து, பொன்னெழுத்து பொறித்த அட்டையோடு அலமாரி ஏறிவிட்டன. ஆனால் லாரி எஞ்சினின் எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் தலை ஒடிந்து, உடம்பு மட்டும் உள்ளேயே தங்கிவிட்ட ஸ்டட் என்னும் மரையாணியைப் பற்றி ஓர் எம்ஃபில் ஏடுகூட இக்கட்டுரையாளன் கண்ணில் பட்டதில்லை. அக்குறை நீக்கவே இந்த முயற்சி.

ஆய்வுக் களம் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், இடையஞ்சாவடி. ஆரோவில்லை ஒட்டிய செம்மண் மேட்டு ஊர். மேட்டைவிட்டுக் கிழக்கே இறங்கினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அதில் வடக்கே போனால் மரக்காணத்தின் உப்பளங்கள், மூவாயிரம் ஏக்கருக்கு மேல் வெள்ளை வெளேரென்று. தை மாசிக்கு மேல் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வந்து கரைக்கும் வரை அங்கே உப்பு வாருவார்கள். லாரிகள் அள்ளிக்கொண்டு போகும். அவற்றில் ஒன்று மேட்டுப்பக்கம் ஒதுங்கி பானெட்டைத் திறந்து நின்றால் ஆய்வு தொடங்கிவிட்டது என்று பொருள்.

முதன்மைச் சான்று: ஒடிந்த ஸ்டட். துணைமைச் சான்று: டிரைவர், கிளீனர், மெக்கானிக் ஆகியோரின் வாய்மொழி. இவற்றுள் முதன்மைச் சான்று பேசாது. துணைமைச் சான்றுகள் பேச்சை நிறுத்தா. ஆய்வின் எல்லை பன்னிரண்டங்குல ஆழமுள்ள ஓர் இருட்டு இடுக்கு. டார்ச்சைப் பிடித்தால் ஸ்பேனரைப் பிடிக்க முடியாது, ஸ்பேனரைப் பிடித்தால் தலை நுழையாது.

இனி முன்னாய்வுகள். மேலைநாட்டில் ஜோசப் விட்வொர்த் என்பார் 1841ஆம் ஆண்டு மரைக்கு 55 பாகைக் கோணம் வைத்து, எந்தப் பட்டறையில் செய்த நட்டும் எந்தப் பட்டறையில் செய்த போல்ட்டிலும் ஏற வழிவகுத்தார். ஏறியது இறங்குவது பற்றி அவர் விதி எதுவும் செய்யவில்லை. இன்றைய மெட்ரிக் மரை 60 பாகை; அதுவும் அவ்வாறே.

தமிழில் முன்னாய்வு இல்லை என்பார் உளர். அவர் புறநானூறு படியாதார். அதன் 102ஆம் பாட்டில் ஔவையார், உப்பு விற்கும் உமணர் தம் வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதைக் காட்டுகிறார். எருதுகளோ நுகம் பழகாதவை, பாரமோ பெரிது, பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ யார் கண்டது என்ற முன்யோசனை. அந்த மாற்று அச்சையே பொகுட்டெழினி என்னும் தலைவனுக்கு உவமையாக்கி அவனைப் புகழ்கிறார். உப்பு வண்டிக்காரன் ஸ்பேர் பார்ட்டோடுதான் புறப்படவேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய ஆவணம் தேட வேண்டியதில்லை. சங்க காலத்து எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று கருதும் அறிஞர்கள் இருப்பதால், அந்த உமணரில் சிலர் நம் ஆய்வுக் களத்தின் வழியாகவே போயிருக்கலாம் என்று ஊகிக்க எவ்விதச் சான்றும் இல்லாவிட்டாலும் ஊகிப்போம். இன்று அதே உப்பை ஏற்றும் லாரியில் ஸ்டெப்னி உண்டு, ஜாக்கி உண்டு, முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் உண்டு. நாலு மாற்று ஸ்டட் கிடையாது.

அடுத்து, ஸ்டட் ஏன் ஒடிகிறது? “துருப்பிடிச்சி ஒடஞ்சிச்சி” என்பது டிரைவர் கொள்கை. இதைப் பூர்வபட்சமாக நிறுத்திக்கொள்வோம்.

மேனிபோல்டு என்பது எஞ்சின் ஹெட்டின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டரும் துப்பும் புகையை வாங்கி டர்போவுக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய். முக்கால் மீட்டர் நீளமுள்ள ஒன்று 500 டிகிரிக்குச் சூடேறினால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். அது ஒட்டிக்கொண்டிருக்கும் ஹெட்டோ தண்ணீரால் குளிர்ந்து 90 டிகிரி வாக்கில் நிற்பது. அதே நீளத்துக்கு அரை மில்லிமீட்டர் நீண்டால் அதிகம். ஒருவர் நீள்கிறார், ஒருவர் நீள மறுக்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டவை ஸ்டட்டுகள். நடு ஸ்டட்டுக்குப் பெரிய கவலையில்லை. இரு கோடியிலும் இருப்பவைதான் ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டில் இழுபட்டு, எஞ்சின் ஆறியதும் திரும்பி வருபவை. லோடு ஏற்றி மேடு ஏறினால் ஓர் இழுப்பு, டீக்கடையில் நிறுத்தினால் மறு இழுப்பு. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிக்கிற வேலையை மேடும் டீக்கடையும் பங்குபோட்டுச் செய்கின்றன. ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் மேனிபோல்டை ஒரே கட்டையாக வார்க்காமல் இரண்டு மூன்று துண்டாக வார்த்துக் கோத்திருப்பது இந்தத் தொல்லைக்காகத்தான். எந்த லாரியிலும் முதலில் போவது கோடி ஸ்டட் என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்வார்.

ஆகவே ஒடிப்பது சூடு. ஒடிந்ததை வெளியே விடாமல் குடிவைத்துக் காப்பது துரு. இருவரும் பங்காளிகள்.

துருவுக்கு இக்கடற்கரையில் தனிச் சலுகை உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் கடலோர இரவுகளுக்கு அது பெரிய காரியமல்ல. மூட்டையிலிருந்து உதிர்ந்த உப்பும், காற்றில் வந்த உப்பும், சக்கரம் வாரியிறைத்த உப்பும் எஞ்சின் மேல் படிந்திருக்க, பகலெல்லாம் வறுபடும் ஸ்டட் இரவெல்லாம் உப்புநீரில் ஊறுகிறது. மழையே வேண்டாம். துருவோ, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்பது. மரைக்கும் மரைக்கும் நடுவே அவ்வளவு இடம் ஏது? நெருக்கிக்கொண்டு இறுகிவிடுகிறது.

டில்லியில் 1600 ஆண்டாக நிற்கும் இரும்புத் தூண் துருப்பிடிக்கவில்லையே என்று வினவின், அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி, அதனால் மேலே ஒரு காப்புப் படலம் படிந்துள்ளது, டில்லிக் காற்றும் வறண்டது என்க. அன்றியும், அத்தூணை உப்பு லோடு லாரியில் மாட்டி மரக்காணத்திலிருந்து யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை.

நோய்க்குறி எளிது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ‘சக் சக் சக்’ என்று ஒரு சத்தம். பேக்கிங் ஓரத்தில் கரி. டர்போவுக்குப் போகவேண்டிய புகை வழியிலேயே கழன்றுகொள்வதால் பிக்கப் குறையும், டீசல் கூடும். டிரைவர் முதலில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். சிகிச்சையின் முதற்படி இதுவே. பல லாரிகளில் மாதக்கணக்கில் இதுமட்டுமே.

ஒடிந்ததை எடுப்பதில் மதங்கள் பல. எண்ணெய் மதத்தார் டீசல், மண்ணெண்ணெய், பிரேக் ஆயில் என்று கையில் கிடைத்ததை ஊற்றி ஊறவைப்பர். வசதியுள்ளோர் டபிள்யூடி-40 அடிப்பர். அது 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்டியாகோ நகரில், ராக்கெட் உறையிலிருந்து நீரை விரட்டுவதற்காகச் செய்த கலவை. நாற்பதாவது முயற்சியில் சரிவந்ததாம். அட்லஸ் ஏவுகணைக்குப் பூசியது இன்று உப்பு லாரிக்கு வந்திருப்பது ஜனநாயகத்தின் வெற்றி. இம்மதத்தின் குறை, ஸ்டட் ஒடிவதற்கு முதல் நாள் ஊற்றியிருக்கவேண்டிய எண்ணெயை ஒடிந்த மறுநாள் ஊற்றுவது.

தீ மதத்தார் கேஸ் செட்டைப் பற்றவைத்து ஸ்டட்டைச் சுற்றிச் சிவக்கக் காய்ச்சுவர். லேசாக ஆறும் தறுவாயில் மெழுகுவத்தியைக் கொண்டுபோய் ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இழுபட்டுப் போகும். இதை மாதா கோவில் நேர்த்திக்கடன் என்று எண்ணிச் சிரித்த பட்டதாரி ஒருவர், மெழுகு தானாக உள்ளே இறங்குவதைக் கண்டபின் சிரிப்பை நிறுத்தினார். பாடப்புத்தகத்தில் நுண்புழை என்று அவர் படித்ததுதான் அது. இரு மதங்களையும் ஒருங்கே போற்றும் சமரசவாதிகளும் உளர். முதலில் டீசலை அடித்து, அடுத்த நிமிடம் நெருப்பைக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பட்டறைச் சுவரின் கரிய பகுதியே உரை.

துளை மதம் ஆபத்தானது. ஸ்டட்டின் நட்டநடுவில் பஞ்ச் அடித்து, டிரில் போட்டு, ஈஸி அவுட்டை இடப்பக்கமாக முறுக்கி இறக்கி வெளியே இழுப்பது இதன் கொள்கை. நடுவில் பஞ்ச் அடிப்பது மேஜைமேல் எளிது. ரேடியேட்டருக்கும் சேசிஸுக்கும் இடையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அடித்தால் எங்கே விழுமோ. ஈஸி அவுட்டோ கடினமாக்கிய எஃகு. கடினமானது வளையாது, ஒடியும். அப்போது ஒடிந்த ஸ்டட்டுக்குள் ஒடிந்த ஈஸி அவுட் என்னும் இரட்டைப் புதையல் கிடைக்கும். சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கும். இந்நிலைக்கு மருந்து கண்டவர்கள் ரஷ்யாவின் லாசரெங்கோ தம்பதியர். மின்முனைகள் பொறியால் அரிக்கப்படுவதைத் தடுக்க ஆராயப்போய், தடுக்க முடியாது என்று கண்டு, அரிப்பதையே 1943இல் தொழிலாக்கினார்கள். அந்த ஸ்பார்க் எரோஷன் மிஷினுக்கு ஹெட்டைக் கழற்றித் தூக்கிப்போக வேண்டும். ஹெட்டைக் கழற்றும் செலவைக் கேட்டதும் லாரி முதலாளிக்கு இன்னொரு பழைய மதத்தில் நம்பிக்கை வரும்: அப்படியே ஓட்டு.

இனி சித்தாந்தம். இடையஞ்சாவடிப் பள்ளியின், அதாவது அவ்வூர் மெக்கானிக்குகளின், முடிந்த முடிபு, நட்டு வெல்டிங்.

“தலையே காணோமே அண்ணே, எத்தப் புடிச்சிக் கழட்றது?” என்றான் கிளீனர்.

“தல இல்லன்னா வெச்சி உட்றதுதான்” என்றார் மெக்கானிக்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றச் சொன்னார். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 புகை விதி வண்டிகளில் விலை மிகுந்த கம்ப்யூட்டர் ஒன்று குந்தியிருக்கிறது. வெல்டிங் கரன்ட் அதன் வழியாகப் போனால் ஸ்டட்டைப் பற்றிய கவலை தானே மறந்துபோகும். பிறகு கம்பி பிரஷ்ஷால் ஸ்டட் முகத்தைத் தேய்த்து வெள்ளையாக்கினார். ஒரு வாஷரை வைத்து ஸ்டட்டோடு பற்றவைத்தார். அதன்மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள் மெல்லிய ராடை இறக்கி, உள்ளிருந்து மேலே வரை உலோகத்தால் நிரப்பினார். சாதாரண ராடு வார்ப்பிரும்பு ஹெட்டில் சரியாக ஒட்டாது. மற்ற நாளில் திட்டு வாங்கும் இந்தக் குணம் இன்று வரப்பிரசாதம். எஃகு ஸ்டட்டில்தான் பிடிக்கிறது.

நட்டு சிவந்து நின்றது. கிளீனர் ஸ்பேனரை எடுத்தான். “வெய்டா கீழ. டீ சொல்லு.”

இந்த டீ ஆய்வின் மையப்பகுதி. வெல்டிங் சூட்டில் ஸ்டட் பருக்க முயன்று, சுற்றிலும் குளிர்ந்த ஹெட் விடாததால் மரையிடுக்கின் துரு நசுங்குகிறது. ஆறும்போது ஸ்டட் சுருங்க, நசுங்கிய துரு பிடியை விடுகிறது. பிடிப்பதற்குத் தலை என்பது நட்டின் பாதிப் பயன்தான். மறுபாதி அந்தச் சூடும் ஆறலும். பொறுமையற்றவர் சிவப்பாக இருக்கும்போதே முறுக்கி, இளகிய உலோகத்தை மறுபடி ஒடிப்பர். நானறிந்தவரை ஒடிந்த ஸ்டட்டுகளில் பாதி சூட்டால் ஒடிந்தவை. மீதிப் பாதி அவசரத்தால்.

டீ முடிந்தது. ரிங் ஸ்பேனரைப் போட்டு, கழற்றும் பக்கம் திருப்பாமல் முதலில் டைட் செய்யும் பக்கம் லேசாக ஓர் அசைப்பு. பிறகு கழற்றும் பக்கம். நட்டு மட்டும் பிய்ந்து கையோடு வந்தது. கிளீனர் முகம் தொங்கியது. மெக்கானிக் அடுத்த நட்டை எடுத்தார். முதல் நட்டு போனதை இப்பள்ளி தோல்வியாகக் கொள்வதில்லை, சூடு ஒருமுறை ஏறி இறங்கியது லாபம். இரண்டாம் நட்டில் ‘கீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி கால் சுற்று. செம்பொடி உதிர உதிர ஸ்டட் வெளியே வந்தது. பட்டறைப் பையன் அதைத் துணியில் துடைத்து டேஷ்போர்டில் வைத்தான். டிரைவர் எடுத்து வெளியே எறிந்தார்.

வந்தபின் மரையை டேப் விட்டுச் சுத்தம் செய்யவேண்டும். மரை கழன்றிருந்தால் ஹெலிகாயில் என்னும் சுருள்மரை போடவேண்டும். ஹெலிகாயில் இல்லாமல் புதுத் துளையில் மரை போட, எம்-10 ஸ்டட்டுக்கு 1.5 பிட்ச் என்றால் 8.5 மில்லிமீட்டர் டிரில். இதற்குமேல் இப்பகுதியில் ஆய்வுக்கு ஒன்றுமில்லை.

உப்பு லோடு அடிக்கும் லாரி முதலாளிகளுக்கு இவ்வாய்வின் பரிந்துரைகள் வருமாறு. ஒடிந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். அதன் பக்கத்திலிருப்பதும் அதே வயது, அதே உப்பு. செட்டாக மாற்றுங்கள், பேக்கிங்கையும் சேர்த்து. மாட்டும்போது மரையில் காப்பர் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் கருகிவிடும், இது ஆயிரம் டிகிரி வாக்கில் தாங்கும். தடவிய மரை வழுவழுப்பாக இருப்பதால் பழைய பலத்தோடு இழுத்தால் அதிகமாக இறுகிவிடும், கையைக் கொஞ்சம் அடக்கவேண்டும். நடுவிலிருந்து தொடங்கிக் கோடிக்குப் போகவேண்டும். மெக்கானிக் டீ குடிக்கும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடுங்கள். டீக்காசு மட்டும் தனி. அது லேபர் சார்ஜில் சேராது.