ஆக்சஸ் இன்னும் வரவில்லை

தம்பி படித்தது மெக்கானிக்கல். கேம்பஸுக்கு வந்த கம்பெனிக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. எந்த பிராஞ்சாக இருந்தாலும் சரி, 60 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நான்கு வருடம் தெர்மோடைனமிக்ஸோடு மல்லுக்கட்டியவன், ஓர் ஆன்லைன் தேர்வும் பத்து நிமிட இன்டர்வியூவும் முடிந்து வெளியே வந்தபோது சாஃப்ட்வேர் எஞ்சினியர் ஆகியிருந்தான். கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஆளுயரத்துக்கு இழுத்ததில் காது மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

ஆஃபர் லெட்டர் வந்த அன்று தெருவுக்கே லட்டு. அதில் எல்லாம் இருந்தது, சேர வேண்டிய தேதியைத் தவிர. 'விரைவில் தெரிவிக்கப்படும்' என்றிருந்தது. 2022-இல் படிப்பை முடித்தவர்களில் சிலருக்கு இந்த 'விரைவில்' வந்து சேர இரண்டு வருடம் பிடித்ததைப் பத்திரிகைகளே எழுதின. கம்பெனி மறந்தாலும் வங்கி மறக்காது. கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து பொதுவாக ஒரு வருடம்தான் அவகாசம். கேட்பவர்களுக்கெல்லாம் அம்மா, "ஆர்டர் வந்திருச்சு, தேதிதான் வரணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப் பேர் அரசாங்க வேலை என்றே நம்பினார்கள்.

ஆண்டுக்கு 3.5 லட்சம் என்று போட்டிருந்ததை அப்பா பன்னிரண்டால் வகுத்து, மாதம் 29,000 சொச்சம் என்று டைரியில் குறித்துவைத்திருந்தார். ஒருவழியாகத் தேதி வந்து, சேர்ந்த முதல் மாதம் கையில் வந்தது 24,000. மீதி எங்கே என்று கேட்டால் தம்பிக்கே சொல்லத் தெரியவில்லை. கம்பெனி கட்டும் பி.எஃப். இவன் சம்பளத்தில் சேர்த்தி. இவன் கட்டும் பி.எஃப். அது தனி. ஐந்து வருடம் முடித்தால் கிடைக்கும் கிராஜுவிட்டியும் உள்ளே உண்டு. அதுவரை இவன் இருக்கப்போவதில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும், இருந்தாலும் கணக்கு கணக்குதான். இதில் எனக்கு நெடுநாளாக ஒரு வயிற்றெரிச்சல். 2010 வாக்கிலும் பெரிய கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு 3 லட்சத்துச் சொச்சம்தான். அன்றைக்கு ஐந்து ரூபாய்க்கு விற்ற டீ இன்றைக்குப் பதினைந்து. சென்னை ஓ.எம்.ஆரில் ஒழுங்காக அப்ரைசல் வாங்கியவர் டீக்கடைக்காரர் ஒருவர்தான்.

துரைப்பாக்கத்தில் ஒரு பி.ஜி., மூன்று பேருக்கு ஓர் அறை, மூன்று வேளையும் ஒரே சாம்பார். கழுத்தில் ஐடி கார்டு. முதல் ஆறு மாதம் அது கழுத்தைவிட்டு இறங்கவே இல்லை. பஸ்ஸில், சலூனில், ஞாயிற்றுக்கிழமை மத்திய கைலாஷில் பிள்ளையாரைக் கும்பிடும்போதும் தொங்கியது. வீடு பார்க்கப் போன இடத்தில், கார்டைப் பார்த்த புரோக்கர் வாடகையில் இரண்டாயிரத்தை ஏற்றிச் சொன்ன அன்றுதான் அதைச் சட்டைப் பைக்குள் போடக் கற்றுக்கொண்டான்.

ஆபீசில் தம்பிக்குப் பெரிய சோதனை ஜாவா அல்ல; மேனேஜரின் பெயர். "இங்கே சார், மேடம் எல்லாம் கிடையாது. பேர் சொல்லித்தான் கூப்பிடணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இவன் பாட்டி அறுபது வருடக் குடித்தனத்தில் ஒருமுறைகூடத் தாத்தாவின் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பேரனைத்தான் கைகாட்டுவாள். அந்த வம்சத்தில் பிறந்தவன், காதோரம் நரைத்த, அப்பா வயது மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாக்கு புரளவில்லை. ஆகவே யாரையும் எப்படியும் கூப்பிடாமல் பேசும் ஒரு கலையைப் பழகிக்கொண்டான். மேனேஜரின் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நிற்பான். லேசாகத் தொண்டையைச் செருமுவான். அவர் திரும்பாவிட்டால் தண்ணீர் குடிக்கப் போவதுபோல ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் வந்து நிற்பான். ஒருநாள் வேறு வழியில்லாமல் பெயரைச் சொல்லிவிட்டான். சொன்ன வேகத்தில் பின்னாலேயே "சார்" என்றும் வந்து ஒட்டிக்கொண்டது. டீமில் மூத்த பெண் ஒருவரை மட்டும் அக்கா என்றே கூப்பிடுகிறான். அவரும் ஒன்றும் சொல்வதில்லை. டப்பாவில் கொண்டுவரும் எலுமிச்சை சாதத்தில் பாதி இவனுக்குத்தான்.

டிரெய்னிங்கில் மூன்று மாதம் ஜாவா சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பிறகு பெஞ்ச். பெஞ்ச் என்றால் சம்பளம் உண்டு, வேலை இல்லை. கேட்பதற்குச் சொர்க்கம் மாதிரி இருக்கும். இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், ஒவ்வொரு மெயிலும் வீட்டுக்கு அனுப்பும் மெயிலோ என்று அடிவயிறு கலங்கும். ஒருவழியாக புராஜெக்ட் வந்தது. ஜாவா இல்லை, மெயின்ஃபிரேம். மொழி கோபால். 1959-இல் வடிவமைத்த மொழி. வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் இன்னும் கைவிடாமல் வைத்திருக்கின்றன. அன்றிரவு போனில், "கோபால் ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா" என்றான் தம்பி. "பெரியவங்கன்னா அப்படித்தான்டா இருப்பாங்க, நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்றாள் அம்மா.

புராஜெக்டில் சேர்ந்தவுடன் புரோகிராம் எழுதலாம் என்று நினைப்பவர்கள் சினிமா பார்த்தவர்கள். முதலில் ஆக்சஸ் வர வேண்டும். ஆக்சஸ் வர டிக்கெட் போட வேண்டும். டிக்கெட் போடும் தளத்துக்குள் நுழைய ஆக்சஸ் வேண்டும். அதற்கு வேறொருவர் டிக்கெட் போட வேண்டும். அவர் லீவில் இருப்பார். தினமும் நடக்கும் டீம் காலில் ஒவ்வொருவராக என்ன செய்தோம் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். தம்பியின் முறை வரும்போது மியூட்டை எடுக்க மறந்து முழுவதையும் பேசி முடிப்பான். எடுத்துவிட்டு மறுபடியும் சொல்வது ஒரே வரி: "ஆக்சஸ் ஸ்டில் பெண்டிங்." இதைச் சொல்லச் சொல்ல உச்சரிப்பில் ஒரு கம்பீரமே வந்துவிட்டது.

அந்தக் கால் இருக்கிறதே, அது நியூயார்க்கில் காலை ஒன்பது மணி. நமக்கு மாலை ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காக்காரன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்ததும் அதே கால் இங்கே ஏழரைக்குப் போய்விடும். மார்ச் இரண்டாவது ஞாயிறுவரை தம்பிக்கு ஏழரை. பரிகாரம் கிடையாது.

கடைசியில் ஆக்சஸ் வந்தது, வேலையும் வந்தது. ஓர் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசிதாரர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் 'ரிசீவ்' என்ற சொல்லில் 'ஐ'யும் 'ஈ'யும் இடம் மாறிக் கிடந்தன. அதைச் சரிசெய்ய வேண்டும். தம்பி வாக்கியத்தைத் திருத்தினான். திருத்தும்போது கவனித்தான், அதே எழுத்துப்பிழை காப்பிபுக்கில் ஒரு ஃபீல்டின் பெயரிலும் இருந்தது. வந்ததுதான் வந்தோம் என்று அதையும் திருத்தினான். காப்பிபுக் என்பது பல புரோகிராம்களுக்குப் பொதுவான ஒன்று. எல்லாம் பழைய பெயரைச் சொல்லித் தேடின. அந்தப் பெயரில் இப்போது யாருமில்லை. அன்று மாலை டெஸ்ட்டில் கம்பைல் ஓட்டியபோது ஒன்றன்பின் ஒன்றாக எரர். திரை முழுக்கச் சிவப்பு. தம்பிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அக்காதான் வந்து உட்கார்ந்தார். பழையபடி மாற்றினார். "அந்தத் தப்பு உனக்கு சீனியர்டா. அது பாட்டுக்கு இருக்கட்டும். லெட்டர்ல இருக்கறத மட்டும் மாத்து" என்றார். சரியான பாடம். இணையத்தின் அடிப்படை விதிகளை 1996-இல் எழுதி வெளியிட்டபோது 'ரெஃபரர்' என்ற சொல்லில் ஓர் 'ஆர்' விட்டுப்போனது. உலகத்து பிரவுசர்கள் எல்லாம் இன்றுவரை அந்தத் தப்பான எழுத்தையே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. யாரும் கைவைக்கவில்லை. கைவைத்தால் எது எங்கே விழும் என்று தெரியாது. இதையெல்லாம் எந்தக் கல்லூரியும் சொல்லித் தருவதில்லை. அடுத்தவன் எழுதிய பழைய கோடைப் பொறுமையாக வாசிப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி என்பதும் பாடத்திட்டத்தில் இல்லை.

திருத்தம் சனிக்கிழமை ராத்திரி லைவ் போனது. போட்டோ எடுக்க முடியாது, வேலை செய்யும் இடத்தில் செல்போனுக்கு அனுமதி இல்லை. பி.ஜி.க்கு வந்து அறைத் தோழனைத் தட்டி எழுப்பினான்.

"மச்சி, இன்னிக்கு என் கோடு லைவ் போச்சுடா."

"எத்தனை லைன்?"

"ஒண்ணு."

"ஒரே ஒரு லைனா?"

"ஒண்ணுதான். ஆனா ஓடுதுடா."

இப்போதெல்லாம் ஏஐயிடம் கேட்டால் நூறு லைன் கேட்ட மாத்திரத்தில் எழுதித் தருகிறது. தம்பியும் கேட்கிறான். ரிவ்யூவில் அக்கா, "இந்த கண்டிஷன் எதுக்கு?" என்று கேட்கும்போதுதான் சிக்கல். "அது... அதுவா வந்துச்சுக்கா" என்கிறான். எழுதத் தெரிந்தவனைவிட ஏன் எழுதினோம் என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் இனி மதிப்பு என்பது என் அபிப்பிராயம். தம்பி மெல்ல அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறான். போன வாரம் முதல்முறையாக, "இது தேவையில்லக்கா, எடுத்துடறேன்" என்றானாம்.

ஊரில் யாருக்கும் இந்த வளர்ச்சி தெரியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை மாமா, "ஏஐ வந்து உங்க வேலையெல்லாம் போயிடுமாமே?" என்று ரசத்துக்கும் மோருக்கும் நடுவே கேட்கிறார். எதிர் இலைச் சித்தப்பாவுக்கு ஆன்சைட் எப்போது என்று தெரிய வேண்டும். அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அழிந்துபோன போட்டோ திரும்ப வேண்டும். தம்பி எல்லாவற்றுக்கும் சிரித்துவைக்கிறான். அலுவலகத்தில் கற்றதில் ஊரில் பயன்படுவது அது ஒன்றுதான்.

தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு தம்பி வரலாம். சம்பளத்தைக் கேளுங்கள், ஆன்சைட்டைக் கேளுங்கள், பரவாயில்லை, பழகிவிட்டான். தயவுசெய்து பிரின்டரை மட்டும் கொடுத்து ரிப்பேர் பார்க்கச் சொல்லாதீர்கள். அவன் படித்தது மெக்கானிக்கல்; கழற்றிவிடுவான்.