பாசிக் கணக்கு

கேமரன் மலையில் குனோங் பிரிஞ்சாங் உச்சியில், சுமார் 2,030 மீட்டர் உயரத்தில், பாசிக்காடு இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். லேண்ட்ரோவருக்குக் காசு கொடுத்து, வளைவுக்கு வளைவு குடல் வாய்க்கு வர ஏறி, மரத்தில் அப்பியிருக்கும் பாசியைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போகிறார்கள். கம்போங் ராஜாவில் என் வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்திருந்தால் அவ்வளவு செலவும் மிச்சம். அதே பனிமூட்டம், அதே பச்சை. கூடுதலாக ஆஸ்ட்ரோ டிவி தட்டும் தெரியும்.

இதை என் வீட்டுக்காரியிடம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அடுப்படியில ஒழுகுது" என்றாள்.

விஷயம் அதுதான். ஓட்டுக்கு ஓடு பொருந்தும் இடுக்கில் பாசி மெத்தை போட்டுக்கொண்டால், வழிந்தோட வேண்டிய மழைத்தண்ணீர் தேங்கி உள்பக்கம் வழி தேடுகிறது. எங்கள் வீட்டில் அது தேடிக் கண்டுபிடித்த இடம் ரசச் சட்டி.

ஜப்பானை உதவிக்கு அழைத்தேன். "கியோட்டோவில் சைஹோஜி என்று ஒரு கோயில். தோட்டம் முழுக்கப் பாசி, சுமார் 120 வகை! 1977 முதல் முன்கூட்டியே விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கினால்தான் உள்ளே விடுகிறார்கள், தெரியுமா?"

"நம்ம கூரை ஏற அனுமதி நானே தர்றேன். விண்ணப்பம் போட வேணாம்."

முப்பத்திரண்டு வருஷம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து கொழுந்துக் கணக்கு எழுதியவன் நான். எழுதிப் பழகிய கைகளுக்கு ஏணி பிடிபடாது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா என்பார்கள். என் வயதுக்கு வைகுண்டம் பக்கம்தான்; கூரைதான் தூரம்.

ஆகவே முதலில் ஆராய்ச்சி. ஏணியைத் தள்ளிப்போட அதைவிட கௌரவமான வழி கிடையாது. கூரையின் வடக்குச் சரிவில்தான் பாசி பிடிக்கும் என்றான் பினாங்கிலிருந்து மகன். அதெல்லாம் ஐரோப்பாக்காரன் வீட்டுக்கு. நாம் நிலநடுக்கோட்டுக்கு நாலரை பாகை வடக்கே இருக்கிறோம். சூரியன் வருஷத்தில் கொஞ்சம் வடக்கும் கொஞ்சம் தெற்குமாகச் சாய்ந்து இரண்டு சரிவுக்கும் பொதுவாகக் காய்கிறது. அதாவது, பனிமூட்டம் விட்டால் காய்கிறது. என் கூரையில் நாலு பக்கமும் பாசி.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பாசிக்கு வேர் கிடையாது. ஒட்டிக்கொள்ள மயிரிழை மாதிரி சில நார்கள், அவ்வளவுதான். மழையையும் பனியையும் இலையாலேயே குடித்துக்கொள்கிறது. வெயிலில் செத்த மாதிரி சுருண்டு கிடக்கும். நாலு துளி விழுந்ததும் எழுந்து உட்கார்ந்துவிடும்.

"உங்களுக்குக் காப்பி வாசனை மாதிரி" என்றாள் வீட்டுக்காரி.

தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி அடித்தால் என்ன என்று இரும்புச் சாமான் கடையில் கேட்டேன். அடிக்கிற வேகத்தில் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் மேல்நோக்கி ஏறும், ஒழுகல் கூடும் என்று சொல்லி, ஒரு தேய்ப்பு பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிட்டார் கடைக்காரர். பழைய லயங்களில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் தேய்க்கவே கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன். என்னுடையது சிமெண்ட் ஓடு. கடைசிச் சாக்கும் போயிற்று.

பக்கத்துக் காய்கறித் தோட்டத்துச் சீன முதலாளியான தவுக்கேயிடம் ஏணி இரவல் வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை ஏறினேன். முகட்டிலிருந்து கீழ்நோக்கித் தேய்த்தேன். பாசி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழ, வீரம் ஏறியது. பத்து மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. பத்தேகாலுக்கு ஏணியைத் தேடி வந்த தவுக்கே, சுற்றிலும் ஆளைக் காணாமல், அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் இதே கேமரன் மலையில் ஒரு பங்களாவிலிருந்து உலாவப் போனார், இன்றுவரை திரும்பவில்லை. அவரைத் தேடி போலீசும் ஒராங் அஸ்லி வழிகாட்டிகளும் காட்டையே சலித்தார்கள். என்னைத் தேடி ஒரு பூனைகூட வரவில்லை. கத்திப் பார்த்தேன். மூடுபனி குரலை விழுங்கிவிட்டது. ஓட்டைத் தட்டினேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரி, குரங்கு என்று நினைத்து, தட்டை எடுத்துத் தட்டி விரட்டினாள். நானும் விடாமல் தட்டினேன். அவளும் விடவில்லை. இப்படியே இரண்டு மணி நேரம்.

"டீக்கடைக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள், பனி விலகி, ஏணி திரும்பி வந்து, நான் கீழே இறங்கியதும்.

உதிர்ந்த பாசியைக் கோணியில் அள்ளி நிறுத்தேன், பழக்கதோஷம். ஈரத்தில் 40 கிலோ. காய்ந்தபின் 6 கிலோ. மழைக்காலக் கொழுந்துக்குக்கூட என் சர்வீசில் நான் இவ்வளவு கழிவு போட்டதில்லை. இத்தனை தண்ணீரையும் தலையில் சுமந்துகொண்டுதான் நாங்கள் தூங்கியிருக்கிறோம்.

மூன்று மாதம் கழித்து வாசற்படி, துவைக்கிற கல், சாக்கடை ஓரம் எல்லாம் பசேல் என்றாகிவிட்டது. பாசியின் ஒரு துணுக்கு ஈரத்தில் விழுந்தால் போதுமாம், அதுவே புதுச் செடியாகிவிடும். ஊரே தக்காளிக்கும் கோஸுக்கும் நாற்று விடுகிற இடத்தில், ஏணி வைத்து ஏறிப் பாசிக்கு நாற்று விட்டவன் நான் ஒருவன்தான்.

கூரையிலும் துளிர் விட்டிருக்கிறது. ஒரு பட்டை மட்டும் சுத்தம்: புகைபோக்கியைச் சுற்றி அடித்த துத்தநாகத் தகடு, அதற்கு நேர் கீழே. மழையில் அந்த உலோகம் துளித்துளியாகக் கரைந்து வழிகிறது. அது பாசிக்கு ஆகாது. முகடு நெடுக அப்படி ஒரு தகடு அடித்திருந்தால் தேய்க்கிற வேலையே குறைந்திருக்கும். இரண்டு மணி நேரம் அந்தப் பட்டையின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

கணக்கை முடிக்கிறேன். செலவு: பிரஷ் 12 வெள்ளி, கோடாலித் தைலம் இரண்டு புட்டி. வரவு: காய்ந்த பாசியை ஆர்க்கிட் தொட்டிகளுக்கு வாங்கிக்கொண்ட தவுக்கேயின் மனைவி தந்த முட்டைகோஸ் இரண்டு.

கணக்கில் ஏறாத வரவு ஒன்று உண்டு. இப்போதெல்லாம் தவுக்கே என் வீட்டைத் தாண்டும்போது "அத்தாஸ் அட ஓராங் கா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்; மேலே ஆள் உண்டா என்று. அவரைப் பார்த்து ஊரும் பழகிவிட்டது. என் வீட்டு வாசலில் நின்று இன்று எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பாசியை யாரும் பார்க்கவில்லை.